கும்பகோணத்திலிருந்து திருப்போரூர் தீம் பார்க்: ஓட்டல் பாயிண்டை எந்த இரவில் போடுவது, எந்த ஸ்டேஷனில் இறங்குவது

கேள்வி இதுதான். கும்பகோணத்துக் குடும்பம்: கணவன், மனைவி, 11 வயதுப் பையன், 6 வயதுப் பெண், 66 வயது அத்தை. திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா தீம் பார்க்குக்குப் போய் இரண்டு இரவு தங்க ஆசை. சொந்தக் கார் இல்லை. கையில் இருப்பது வங்கியின் மேரியட் பான்வாய் (மேரியட் ஓட்டல் குழுமத்தின் பாயிண்ட் திட்டம்) கிரெடிட் கார்டில் வந்த ஒரு இலவச இரவு (15,000 பாயிண்ட் வரை), அதே கணக்கில் 12,000 பாயிண்ட், கணவர் வேலை நிமித்தம் வெளிநாட்டில் தங்கியதில் சேர்ந்த 4,000 அக்கார் (ஐபிஸ், நோவோடெல் ஓட்டல்களின் குழுமம்) பாயிண்ட். இரவு ரயிலில் எழும்பூர் போய் இறங்கி, டாக்சியில் கடற்கரை ரிசார்ட்டுக்குப் போய் இலவச இரவைப் போட்டு, அடுத்த நாள் பூங்கா, அதற்கடுத்த நாள் காலை ரயிலில் ஊர் என்று யோசித்திருக்கிறீர்கள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். எழும்பூர் வேண்டாம், செங்கல்பட்டில் இறங்குங்கள். முதல் இரவுக்கு அக்கார் பாயிண்ட், ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கத்து ஓட்டல். பூங்கா முடிந்த இரவுக்குத்தான் மேரியட்டின் இலவச இரவு, கடற்கரை ரிசார்ட். ஊருக்கு அதற்கடுத்த நாள் இரவு ரயிலில் திரும்புங்கள். உங்கள் திட்டத்தை அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறேன்.

ஏன் என்றால், கடற்கரை ரிசார்ட்டின் மதிப்பு அறையில் இல்லை. நீச்சல் குளமும் கடலும் புல்வெளியும்தான் அந்த விலை. பூங்காவுக்கு முந்தின இரவு அங்கே தங்கினால் பயணக் களைப்போடு போய்ப் படுப்பீர்கள், மறுநாள் காலை பூங்காவுக்கு ஓடுவீர்கள். இரவு ஏழரைக்குத் திரும்பி வந்து சாப்பிட்டுத் தூங்கி, விடியுமுன் ரயிலுக்குக் கிளம்புவீர்கள். பிள்ளைகள் குளத்தில் கால்கூட நனைத்திருக்க மாட்டார்கள். ரிசார்ட்டைக் கடைசி இரவுக்குத் தள்ளினால் முழு நாள் ஓய்வு கிடைக்கும். தீம் பார்க்கில் எட்டு மணி நேரம் நின்றவர்களுக்கு அந்த ஓய்வு தேவையும்கூட.

இப்போது வழி. திருப்போரூர் சென்னையின் தெற்கே, ஓ.எம்.ஆர். சாலையில் இருக்கிறது. எழும்பூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி மெட்ரோ ரயில் வேலை நடக்கும் ஓ.எம்.ஆர். வழியாகத்தான். செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் சுமார் 26 கிலோமீட்டர், நெரிசல் குறைவான சாலை. டெல்டாவிலிருந்து விழுப்புரம் வழியாக எழும்பூர் போகும் ரயில்கள் எல்லாம் செங்கல்பட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். எழும்பூர் வரை போய் இறங்கினால் ரயிலில் கடந்து வந்த தூரத்தையே டாக்சிக்குக் காசு கொடுத்துத் திரும்பக் கடக்கிறீர்கள், அதுவும் நகர நெரிசலில்.

போகும்போது சோழன் எக்ஸ்பிரஸ் பொருத்தமானது. திருச்சியில் முற்பகலில் கிளம்பும் பகல் ரயில். தஞ்சாவூர், பாபநாசம், கும்பகோணம், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை, வைத்தீஸ்வரன் கோயில், சீர்காழி, சிதம்பரம் என்று மெயின் லைனில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே செங்கல்பட்டில் விடும். ஓட்டல்களில் அறை பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் தருவார்கள் என்பதால் நேரமும் ஒத்துப்போகிறது. உழவன், மன்னை, காரைக்கால் எக்ஸ்பிரஸ் போன்ற இரவு ரயில்களில் போனால் செங்கல்பட்டை அதிகாலை இருட்டில் கடப்பீர்கள். அந்த நேரத்தில் கையில் அறை இருக்காது. சீக்கிரம் அறை கொடுப்பது ஓட்டலின் தயவைப் பொறுத்தது, உரிமையாகக் கேட்க முடியாது. அதற்காக முந்தின இரவுக்கும் காசு கட்டுவது வீண். தூக்கம் கெட்ட பிள்ளைகளோடு நேராகப் பூங்காவுக்குப் போனால் மதியம் மூன்று மணிக்கே பாதி டிக்கெட் காசு போய்விடும்.

திரும்பும்போது அதே இரவு ரயில்கள்தான் வசதி. ராத்திரி செங்கல்பட்டில் ஏறினால் விடியலில் ஊர். டிக்கெட் போடும்போது உங்கள் ரயிலுக்கு செங்கல்பட்டில் நிறுத்தம் உண்டா, எத்தனை மணிக்கு என்று பார்த்துவிடுங்கள். ஸ்டேஷன் கோடு சி.ஜி.எல். செங்கல்பட்டிலிருந்து இடம் காட்டாமல் எழும்பூரிலிருந்து காட்டினால் எழும்பூரிலிருந்தே எடுங்கள். ஆனால் பயணத்துக்கு முன்பே ஏறுமிடத்தைச் செங்கல்பட்டு என்று மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் எழும்பூரில் ஆள் வரவில்லை என்று பரிசோதகர் பெர்த்தை ஆர்.ஏ.சி.யில் இருப்பவருக்குக் கொடுத்துவிடலாம். போகும்போது இந்தக் கவலை இல்லை. எழும்பூர் டிக்கெட்டோடு முன்பே இறங்கினால் யாரும் கேட்கப் போவதில்லை.

பெர்த் விஷயத்தில் டெல்டாக் குடும்பங்கள் வழக்கமாகத் தடுமாறும் ஓரிடம் உண்டு. அத்தைக்குக் கீழ் பெர்த் வேண்டும் என்று ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டு மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டைத் தேடினால் கிடைக்காது. அந்த ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட்டுக்கு அதிகபட்சம் இரண்டு பேர், இருவருமே தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும். அத்தைக்குத் தனி டிக்கெட் எடுங்கள், மற்ற நால்வருக்கு வேறு. ஐந்து முடிந்து பன்னிரண்டு முடியாத பிள்ளைகளுக்கு பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் அரைக் கட்டணம். ஆறு வயதுப் பெண் அம்மாவோடு படுத்துக்கொள்வாள். பதினொரு வயதுப் பையனுக்கு பெர்த் எடுத்துவிடுங்கள்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது (2024 நவம்பருக்கு முன் 120 நாள்). ஓட்டல் பாயிண்ட் அறைகளோ ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன்பே திறந்திருக்கும். அதனால் முதலில் ஓட்டல், ரத்து செய்யக்கூடிய விதத்தில். அறுபதாவது நாள் காலை ரயில். பூங்கா டிக்கெட் கடைசி. ரயில் கிடைக்கவில்லை என்றால் ஓட்டலை ஒரு தட்டலில் ரத்து செய்யலாம், பாயிண்டும் இலவச இரவும் கணக்குக்குத் திரும்பிவிடும். பூங்கா டிக்கெட் அவ்வளவு எளிதில் காசாகத் திரும்பாது. வரிசையை மாற்றுகிறவர்கள்தான் பணத்தை இழக்கிறார்கள்.

இனி பாயிண்ட். உங்களிடம் இருக்கும் இரண்டு வகைப் பாயிண்டும் வேலை செய்யும் விதம் வேறு வேறு. அதைப் புரிந்துகொண்டால் எது எங்கே போக வேண்டும் என்று தானே விளங்கிவிடும்.

அக்கார் பாயிண்ட் கிட்டத்தட்ட ரொக்கம். 2,000 பாயிண்ட் என்றால் 40 யூரோ, எந்த ஓட்டலானாலும் எந்த நாளானாலும் அதே மதிப்பு. 2,000, 4,000 என்று கட்டுக் கட்டாகத்தான் கழிக்க முடியும். அறை விலை குறைந்த நாளில் அதே பாயிண்டுக்கு அதிக அறை கிடைக்கும், அவ்வளவுதான் இதில் உள்ள சாமர்த்தியம். மேரியட்டின் இலவச இரவு இதற்கு நேர்மாறு. அதில் ரூபாய் மதிப்பு எழுதியிருக்காது, பாயிண்ட் வரம்புதான் எழுதியிருக்கும். ஐயாயிரம் ரூபாய் அறைக்குப் போட்டாலும் தீர்ந்துவிடும், பன்னிரண்டாயிரம் ரூபாய் அறைக்குப் போட்டாலும் தீர்ந்துவிடும். ஆகவே அது விலை உயர்ந்த இரவுக்கே போக வேண்டும். அறை 15,000 பாயிண்டைத் தாண்டினாலும் கவலை இல்லை, உங்கள் சொந்தப் பாயிண்டிலிருந்து 15,000 வரை மேலே சேர்த்துக்கொள்ளலாம். உங்களிடம் 12,000 இருப்பதால் 27,000 பாயிண்ட் அறை வரை எட்டும்.

இந்தப் பக்கத்தில் மேரியட் குழுமத்துக்கு இரண்டு ரிசார்ட்கள் இருக்கின்றன: கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் ஷெரட்டன் கிராண்ட், மாமல்லபுரத்தில் ஃபோர் பாயிண்ட்ஸ் பை ஷெரட்டன். அக்காருக்கு ஓ.எம்.ஆரில் சிப்காட் பக்கம் நோவோடெல்லும் ஐபிஸும் உண்டு. மற்ற பாயிண்ட் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஐ.எச்.ஜி. என்றால் மாமல்லபுரம் போகும் வழியில் இன்டர்கான்டினென்டல், ராடிசன் என்றால் டெம்பிள் பே, டாட்டா நியூகாயின் என்றால் கோவளத்தில் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ். ஒரு நியூகாயின் ஒரு ரூபாய். பிக்பாஸ்கெட், குரோமாவில் வாங்கிச் சேர்த்தவர்கள் அங்கே அறைக்கோ சாப்பாட்டுக்கோ கழித்துக்கொள்ளலாம்.

கிழமை இங்கே பெரிய விஷயம். ஓ.எம்.ஆர். ஓட்டல்கள் ஐ.டி. கம்பெனிக்காரர்களை நம்பி நடப்பவை. திங்கள் முதல் வியாழன் வரை விலை ஏறும், வார இறுதியில் இறங்கும். கடற்கரை ரிசார்ட்கள் இதற்குத் தலைகீழ். வெள்ளி, சனி இரவுகளில் சென்னையே அங்கே வந்து நிற்கும், ஞாயிறு இரவிலிருந்து விலை சரியும். மேரியட்டில் 2022 முதல் பாயிண்ட் விலையும் நாளுக்கு நாள் மாறுவதால் இந்த ஏற்ற இறக்கம் பாயிண்டிலும் தெரியும். ஆகவே ஞாயிறு சோழனில் கிளம்பி, ஞாயிறு இரவு ஓ.எம்.ஆரில், திங்கள் பூங்கா, திங்கள் இரவு ரிசார்ட், செவ்வாய் இரவு ரயில் என்று வைத்தால் இரண்டு பக்கமும் மலிவு. பூங்காவிலும் திங்களன்று வரிசை குறைவு.

பள்ளிக்கு லீவு போட மனமில்லை என்றால் டெல்டாக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. உள்ளூர் விடுமுறை. திருவாரூர் ஆழித்தேர், தஞ்சாவூர் பெரிய கோயில் சித்திரைத் தேர், வேளாங்கண்ணிக் கொடியேற்றம் என்று கலெக்டர் விடும் விடுமுறைகள் அந்தந்த மாவட்டத்துக்கு மட்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் அன்று சாதாரண வேலை நாள். ஓட்டலும் பூங்காவும் சாதாரண நாள் விலையில் இருக்கும். சதய விழா விடுமுறையும் உண்டு, ஆனால் அது ஐப்பசியில் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலம், கடலில் புயல் சின்னம் உருவாகும் காலம். இடி மின்னல் வந்தால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் போவதானால் கடைசி நாள் வரை ரத்து செய்யக்கூடிய அறை மட்டும் எடுங்கள். சம்பா அறுவடை முடிந்த தை, மாசி நல்ல காலம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் இந்தத் தடத்து ரயில், பஸ் எதிலும் இடம் கிடைப்பது அரிது. மே மாதம் பாயிண்ட் விலை உச்சத்தில் இருக்கும்.

பாயிண்டா ரொக்கமா என்று முடிவு செய்ய ஒரே கணக்கு போதும். வரி சேர்த்த ரூபாய் விலையை, அதே அறைக்குக் கேட்கும் பாயிண்டால் வகுங்கள். உதாரணமாக அறை 9,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 10,620. அதே அறை 15,000 பாயிண்ட் என்றால் ஒரு பாயிண்டுக்கு 71 பைசா கிடைக்கிறது, தாராளமாகப் போடலாம். இன்னொரு நாள் அறை 6,500, 5 சதவீத வரியோடு 6,825, பாயிண்ட் விலை 14,000 என்றால் 49 பைசாதான். அன்று ரொக்கமாகக் கட்டிவிட்டுப் பாயிண்டைப் பத்திரப்படுத்துங்கள். ரொக்கமாகக் கட்டினால் டாலருக்கு 10 பாயிண்ட் வேறு சேரும். வரி விகிதம் இரண்டாக இருப்பதைக் கவனித்தீர்களா? 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையான அறைக்கு 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. 7,500 ரூபாய் அறை வரியோடு 7,875. 7,600 ரூபாய் அறை வரியோடு 8,968. விலையில் நூறு ரூபாய் வித்தியாசம், பில்லில் 1,093 ரூபாய். இரண்டாவது அறையை ரொக்கத்துக்கு எடுக்கும்போது இந்தக் கோட்டுக்குக் கீழே ஏதாவது கிடைக்கிறதா என்று ஒரு நாள் முன்னே பின்னே தள்ளிப் பாருங்கள்.

ஆம், உங்களுக்கு இரண்டு அறை வேண்டும். பெரும்பாலான ஓட்டல்களில் ஒரு அறைக்கு மூன்று பெரியவர்கள், அல்லது இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் என்பதுதான் வரம்பு. மூன்று பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் என்பது அதைத் தாண்டிவிடுகிறது. தேடும்போது பிள்ளைகளின் வயதைப் போடாமல் 'இரண்டு பேர்' என்று பதிவு செய்துவிட்டு நேரில் ஐந்து பேராகப் போய் நின்றால், வரவேற்பில் கூடுதல் ஆளுக்கும் கூடுதல் படுக்கைக்கும் அன்றைய விலையில் காசு கேட்பார்கள். அறை காலி இல்லாத நாளில் முடியவே முடியாது என்பார்கள். இலவச இரவு ஒரு அறைக்குத்தான். திங்கள் இரவு இரண்டாவது அறைக்குக் காசு கட்ட வேண்டியிருக்கும். இரண்டு பதிவையும் செய்த பிறகு ஓட்டலுக்குப் போன் செய்து, இரண்டும் ஒரே குடும்பம், அடுத்தடுத்த அறை, முடிந்தால் நடுவில் கதவுள்ள அறை வேண்டும் என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதல் இரவுக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 4,000 அக்கார் பாயிண்ட் 80 யூரோ. யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 8,000 ரூபாய். ஐபிஸ் மாதிரி ஓட்டலில் ஞாயிறு இரவு அறை 3,600 ரூபாய் என்று வைப்போம். இரண்டு அறைக்கு வரியோடு 7,560. பில் 8,000-க்குக் கீழே இருப்பதால் இரண்டாவது 2,000 பாயிண்ட் கட்டைக் கழிக்க முடியாது. 4,000 ரூபாய்தான் கழியும், மீதி 3,560 கையிலிருந்து. அதற்குப் பதில் காலை உணவு சேர்ந்த விலையை எடுங்கள். அறைக்கு 4,100 என்றால் இரண்டுக்கும் வரியோடு 8,610. இப்போது 4,000 பாயிண்டும் முழுதாகக் கழிந்து கையிலிருந்து 610 ரூபாய்தான் போகும், ஐந்து பேருக்கும் காலைச் சாப்பாடும் ஆயிற்று. பூங்காவுக்குள் வெளிச் சாப்பாட்டை அனுமதிக்க மாட்டார்கள் என்பதால் அந்தக் காலைச் சாப்பாடு முக்கியம். அக்கார் பாயிண்ட், கடைசியாகத் தங்கியதிலிருந்து 365 நாளில் காலாவதி ஆகும். கணவர் கடைசியாக எப்போது தங்கினார் என்று இன்றைக்கே பாருங்கள். மேரியட் பாயிண்டுக்கு 24 மாதம் எந்த அசைவும் இல்லாமல் இருந்தால்தான் ஆபத்து. ஆனால் இலவச இரவுக்குத் தனியாகக் கடைசித் தேதி உண்டு, கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம்.

பாயிண்ட் பதிவில் எதிர்பாராமல் கெடுவது பெரும்பாலும் பெயர். நமக்கு இனிஷியல், அவர்களுக்குக் குடும்பப் பெயர். ஆதாரில் ஒரு விதம், வங்கியில் அப்பா பெயர் விரித்து ஒரு விதம், ஓட்டல் கணக்கில் முன்னும் பின்னும் மாறி ஒரு விதம் என்று இருக்கும். கார்டின் ரிவார்டை ஓட்டல் கணக்குக்கு மாற்றும்போது இரண்டு பெயரும் ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தடைபடும். கணக்கு தொடங்கும்போதே வங்கியில் இருக்கும் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். இன்னொன்று, வங்கியிலிருந்து மாற்றிய பாயிண்டைத் திரும்ப எடுக்க முடியாது. அறை கிடைக்கிறது என்று அந்தத் தேதியில் கண்ணால் பார்த்த பிறகே மாற்ற வேண்டும், சும்மா இருக்கட்டும் என்று மாற்றி வைக்கக் கூடாது. சில மாற்றங்கள் நிமிடத்தில் வரும், சில நாள் கணக்கில் இழுக்கும். வவுச்சராகவோ பொருளாகவோ மாற்றுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், மதிப்பு அடியோடு குறைந்துவிடும்.

ரத்து செய்யும் கடைசி நேரத்தைப் பதிவு செய்த அன்றே காலண்டரில் குறியுங்கள். அது ஓட்டலுக்கு ஓட்டல், நாளுக்கு நாள் மாறும். நகர ஓட்டலில் ஒரு நாள் முன்பு வரை என்றால் ரிசார்ட்டில் இரண்டு மூன்று நாள் முன்பே முடிந்துவிடும், விடுமுறைத் தொடர்களில் இன்னும் முன்னால். அதைத் தாண்டிப் போகாமல் இருந்தால் இலவச இரவு போனது போனதுதான். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் வர வேண்டும், பெரியவர்கள் எல்லாரும் அசல் அடையாள அட்டை எடுத்துப் போக வேண்டும்.

இனி ஊருக்குள் போக்குவரத்து. ஞாயிறு மாலை செங்கல்பட்டில் இறங்கியதும் ஓட்டுநர் ஜி.எஸ்.டி. சாலையை (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) பிடிக்கப் பார்ப்பார். ஊருக்குப் போன சென்னைக்காரர்கள் எல்லாரும் திரும்பும் நேரம் அது, பரனூர் சுங்கச்சாவடியில் நிற்க வேண்டியிருக்கும். திருப்போரூர் சாலையில் கிழக்கே போய் ஓ.எம்.ஆரில் ஏறி, கேளம்பாக்கம் வழியாக வடக்கே போகச் சொல்லுங்கள். ஐந்து பேர், மூன்று பெட்டி என்றால் எர்டிகா போதும், பின்வரிசையில் ஒரு பக்கத்தை மடக்கிவிட்டால் பெட்டி ஏறும். செயலியில் கார் கிடைக்கும், ஆனால் பெரிய வண்டி அந்த நேரத்தில் உறுதியில்லை. செங்கல்பட்டு டிராவல்ஸ் ஒன்றில் முந்தின நாளே சொல்லி வையுங்கள்.

பூங்கா நாளுக்குத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன்: போக ஒரு வண்டி, வர ஒரு வண்டி என்று வைக்காதீர்கள். மாலையில் வாசல் மூடும்போது அத்தனை கூட்டமும் ஒரே நேரத்தில் வெளியே வந்து போனை எடுக்கும். செயலி விலை ஏறும், வண்டி வராது, நனைந்த துணியோடு பிள்ளைகள் ரோட்டோரம் நிற்கும். நாள் வாடகைக்கு ஒரு வண்டி எடுங்கள். '8 மணி நேரம் 80 கிலோமீட்டர்' என்பது வழக்கமான பேக்கேஜ். உங்களுக்குக் காலை ஒன்பதரையிலிருந்து இரவு எட்டு வரை ஆகும் என்பதால் கூடுதல் மணிக்கு எவ்வளவு, பார்க்கிங் யார், ஓட்டுநர் பேட்டா எவ்வளவு என்று முன்பே பேசிவிடுங்கள். தூரம் 80-க்குள் அடங்கிவிடும். ஓட்டலைக் காலி செய்த பெட்டிகள் அன்று முழுக்க அந்த வண்டியில்தான் இருக்கும். வண்டி எடுக்காவிட்டால் பெட்டிகளை வைக்க இடமில்லை, பூங்கா லாக்கர் கைப்பைக்குத்தான். நகையும் பணமும் வண்டியில் வைக்க வேண்டாம். வண்டி எண்ணும் ஓட்டுநர் போன் எண்ணும் இரண்டு பேர் போனில் இருக்கட்டும், நீர் விளையாட்டில் ஒரு போன் நனைந்துவிடலாம்.

அத்தைக்கு ரைடுகளில் விருப்பம் இல்லை என்றால் அவரைப் பூங்காவுக்குள் நாள் முழுக்க உட்கார வைக்காதீர்கள். சும்மா உட்காரவும் டிக்கெட் வேண்டும், மூத்தவர்களுக்குச் சலுகை இருந்தாலும் வெயிலுக்குச் சலுகை இல்லை. அவர் பெயரையும் ரிசார்ட் பதிவில் சேர்க்கச் சொல்லிவிடுங்கள். உங்களைப் பூங்காவில் இறக்கிவிட்டு அதே வண்டி அவரைத் திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்கு அழைத்துப் போய், நடை சாத்தும் முன் தரிசனம் முடித்து, பெட்டிகளோடு ரிசார்ட்டில் விட்டு வரட்டும். தனியாகப் போக அவருக்குத் தயக்கம் என்றால் உங்களில் ஒருவர் கூடப் போய் வரலாம், திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் 15 கிலோமீட்டர்தான். கிருத்திகை நாளாக இருந்தால் திருப்போரூர் கடைத்தெருவில் வண்டி நகராது, அன்று இந்த யோசனை வேண்டாம்.

பூங்காவைப் பற்றி இரண்டே விஷயம். பிள்ளைகளுக்குக் கட்டணமும் ரைடு அனுமதியும் வயதைப் பார்த்து அல்ல, உயரத்தைப் பார்த்து. பையனை வீட்டிலேயே செருப்பில்லாமல் அளந்து, இணையதளத்தில் ரைடுவாரியாக இருக்கும் அளவோடு ஒப்பிட்டுக் காட்டிவிடுங்கள். 'தஞ்சோரா' என்று நம் ஊர்ப் பெயரை நினைவூட்டும் பெரிய கோஸ்டரை நம்பிப் போய் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் அன்று முழுக்க அழுகைதான். நீர் விளையாட்டுக்கு நைலான், லைக்ரா துணிதான். பருத்தி, சேலை, சுடிதார் துப்பட்டா ஏற்க மாட்டார்கள். அங்கே வாடகைக்கு எடுப்பதை விட கும்பகோணத்திலேயே வாங்கிப் போவது மலிவு.

டெல்டாவின் மற்ற ஊர்க்காரர்களுக்கு: நாகப்பட்டினம், காரைக்கால், சீர்காழிப் பக்கம் இருப்பவர்கள் சிதம்பரம், கடலூர் வழியாகப் பஸ்ஸில் புதுச்சேரி போய், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈ.சி.ஆர்.) வழி சென்னை பஸ்ஸில் மாமல்லபுரம் புறவழிச்சாலையில் இறங்கலாம், அங்கிருந்து ஊருக்குள் ஆட்டோ. தஞ்சாவூர், மன்னார்குடியிலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியாகப் போகும் அரசு விரைவுப் பஸ்ஸில் கிளாம்பாக்கம் வரை போக வேண்டாம், நடத்துநரிடம் சொல்லிச் செங்கல்பட்டில் இறங்கிக்கொள்ளுங்கள். தாம்பரம்–மாமல்லபுரம் 515 மாநகரப் பஸ் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகப் போவதால், பெட்டி இல்லாத கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

ஊரிலிருந்தே கார் எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். வெளியூர் வாடகையில் ஒரு நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் கணக்கு. மூன்று நாள் என்றால் வண்டி அறுநூறு கிலோமீட்டர் ஓடினாலும் 750-க்குக் காசு, மூன்று நாள் பேட்டா, சுங்கம் தனி. ஏழு பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். ஐந்து பேருக்கு ரயிலும் ஒரு நாள் வண்டியும்தான் மலிவு.

செவ்வாயன்று அவசரம் எதுவும் இல்லை. உங்கள் கார்டோடு வரும் சில்வர் தகுதிக்கு, தாமதமாக அறையைக் காலி செய்யக் கேட்கும் முன்னுரிமை உண்டு. திங்கள் இரவே கேட்டு வையுங்கள், இரண்டு மணி வரை கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டாலும் பெட்டிகளை வரவேற்பில் ஒப்படைத்துவிட்டுக் குளத்தைப் பயன்படுத்தப் பெரும்பாலும் விடுவார்கள். வெயில் தணிந்ததும் மாமல்லபுரம், அத்தைக்குத் தலசயனப் பெருமாள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று அது. இரவுச் சாப்பாட்டை அங்கேயே முடித்து எட்டரைக்குள் செங்கல்பட்டுக்குக் கிளம்பிவிடுங்கள், சுமார் 30 கிலோமீட்டர். உங்கள் ரயில் பெட்டி நிற்கும் இடத்தை நடைமேடைப் பலகையில் பார்த்து முன்கூட்டியே அங்கே போய் உட்காருங்கள். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் வந்த பிறகு ஓட முடியாது, அங்கே ரயில் நிற்பது ஓரிரு நிமிடம்தான்.